ராதாமணியின் மூக்கு

கோவில்பட்டியில் மருந்துச்சரக்கு வாங்கி விற்கிற ஒரு குடோனில், வந்து இறங்குகிற வேரையும் இலையையும் மோந்து பார்த்து, இது இன்னது என்று பேர் சொல்வதுதான் ராதாமணிக்கு வேலை. கேட்பவர்களுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று இருக்கும். பச்சையாக நிற்கும்போது ஒரு செடியை யார் வேண்டுமானாலும் அடையாளம் சொல்லிவிடலாம். பூ இருக்கிறது, காய் இருக்கிறது, நிற்கிற தோரணை இருக்கிறது. வெயிலில் காய்ந்து சாக்குக்குள் போய்விட்டால் கீழாநெல்லியும் சருகு, குப்பைமேனியும் சருகு, ஆடுகூட வாய் வைக்காத வேலியோரத்துச் செடியும் சருகு. அந்தச் சருகில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, கசக்கி, மூக்கருகே கொண்டுபோய் ராதாமணி ஒரு பேரைச் சொல்வாள். பக்கத்தில் நிற்கிற ஆள் அந்தப் பேரை மார்க்கரால் சாக்கின்மேல் எழுதுவான். அதற்கப்புறம் அந்த மூட்டை மதுரைக்குப் போனாலும் சென்னைக்குப் போனாலும் அதற்கு அதுதான் பேர்.

இருபத்திரண்டு வயதில் புருஷனை லாரி விபத்தில் பறிகொடுத்துவிட்டு, தூத்துப் பெருக்குகிற வேலைக்குத்தான் அவள் அந்த குடோனுக்குள் நுழைந்தாள். ஒருநாள் பெருக்கிக்கொண்டே வந்தவள் ஒரு வேர்த்துண்டை எடுத்து ஒடித்து மோந்துவிட்டு, "முதலாளி, இந்த மூட்டையில நன்னாரி பாதிதான் இருக்கு. மீதி என்னமோ கொடி" என்றாள். பெரிய முதலாளி மூட்டையைக் கொட்டிப் பார்த்தார். மறுநாள் அவள் கையிலிருந்த விளக்குமாறு வேறு ஒருத்தி கைக்குப் போனது. ராதாமணிக்கு ஒரு மனைப்பலகை கிடைத்தது. அன்றிலிருந்து முப்பது வருஷம் அந்தப் பலகையில்தான் உட்கார்ந்திருந்தாள்.

கல்லூரியில் தாவரங்களைப் படித்தவர்கள்கூடத் தேடி வருவார்கள். வாயில் நுழையாத நீளமான பேர்களை நோட்டில் எழுதிக்கொண்டு வந்து, கடைசியில் இவள் சொல்கிற ஒற்றைப் பேரை வைத்துத் தங்கள் நோட்டைத் திருத்திக்கொண்டு போவார்கள். காட்டிலிருந்து சரக்கு கொண்டுவருகிற ஆட்கள் இவள் முன்னால் மூட்டையை அவிழ்க்கும்போது கை கட்டி நிற்பார்கள். வெளியே தெருவில் அவள் யாரோ ஒரு தாலியறுத்தவள். உள்ளே அவள் வாய் திறக்கிற வரைக்கும் லாரி கிளம்பாது. இந்த வித்தியாசம் மனுஷியை என்ன பாடுபடுத்தும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

கொரோனாவின் இரண்டாவது அலையில் அவளுக்கும் காய்ச்சல் வந்தது. பிழைத்தாள். எழுந்து உட்கார்ந்து முதல் காப்பியைக் குடித்தபோது வெந்நீர் குடித்த மாதிரி இருந்தது. அவள் குடியிருந்த வளவில் மற்ற வீட்டுக்காரர்களுக்கும் அப்படித்தான் இருந்தது. பத்துநாளில், ஒரு மாதத்தில், எல்லோருக்கும் வாசனை திரும்பி வந்தது. இவளுக்கு வரவில்லை. டாக்டர், "சிலபேருக்கு வரும்மா, சிலபேருக்கு வராது" என்று சொல்லி ஒரு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். மூக்கில் சொட்டு சொட்டாய் ஊற்றியதுதான் மிச்சம்.

சொல்லிவிடலாம் என்றுதான் குடோனுக்குப் போனாள். பெரிய முதலாளி காலமாகி, மகன் ஹரிஹரசுதன் பொறுப்பில் இருந்த நேரம். இவள் தலையைக் கண்டதும் அவன் நாற்காலியை விட்டு எழுந்து வந்தான்.

"வந்துட்டீயளா? நீங்க இல்லாம ஒரு மூட்டையக்கூட ஏத்த முடியல. யாரக் கேட்டாலும் ராதாமணியக்கா வரட்டும்னு சொல்லுதாங்க."

சொல்லியிருக்க வேண்டியது அந்த நிமிஷம்தான். அவள் சொல்லவில்லை. மறுபடியும் விளக்குமாறா என்ற பயம் இருந்தது, வாஸ்தவம். ஆனால் பயத்தைவிடப் பெருமைதான் அவள் வாயைக் கட்டியது. நாளைக்கு வந்துவிடும், அடுத்த வாரம் வந்துவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு பலகையில் போய் உட்கார்ந்தாள்.

இரண்டு வருஷம் ஓட்டினாள். கண்ணால் பார்த்தாள். விரலால் இலை நரம்பைத் தடவிப் பார்த்தாள். அவை போதாத இடத்தில் ஆளின் முகத்தைப் பார்த்தாள். சரக்கை வழக்கம்போல மூக்குக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, எதிரே நிற்கிறவனை ஏறிட்டு ஒரு பார்வை. கலப்படம் செய்தவன் எச்சில் விழுங்குவான், இல்லாவிட்டால் வெளியே வண்டியைத் திரும்பிப் பார்ப்பான். "இதுல என்னலே கலந்திருக்கே?" என்று ஒரு அதட்டல் போட்டால் பாதிப்பேர் உளறிவிடுவார்கள். முன்னைவிட இப்போதுதான் மூக்கு கூர்மையாகியிருக்கிறது என்று குடோனில் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டு அவளும் சிரித்துக்கொண்டாள்.

2023 சித்திரையில் சண்முகராஜ் ஒரு மூட்டை நன்னாரி வேர் கொண்டுவந்தான். இடைசெவல் பக்கத்து ஆள். இருபது வருஷமாக வேர் தோண்டுகிறவன். ஒருநாளும் கலந்ததில்லை. அந்த வருஷம் காட்டில் மழை பொய்த்து நன்னாரிக் கொடியே கண்ணில் படவில்லை. நாற்கரச் சாலையின் நடுவில் வளர்த்திருந்த அரளியை ஒரு நீளத்துக்குப் பிடுங்கி ஓரத்தில் போட்டிருந்தார்கள். மெல்லிய வேர்களாகப் பொறுக்கி, காயவைத்து, நன்னாரியோடு சேர்த்துத் துண்டு துண்டாக வெட்டிக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். மூட்டையை அவிழ்த்தால் கூடம் முழுக்க நன்னாரி மணக்கும். ஒவ்வொரு துண்டாக ஒடித்து மோந்தால்தான் மணமில்லாத துண்டு எது என்று தெரியும்.

"ஏன் வெட்டிக் கொண்டாந்திருக்கே?" என்று கேட்டாள்.

"முழுசா வச்சா சாக்குல அடங்க மாட்டேங்குது யக்கா."

நாலு துண்டை எடுத்து ஒடித்தாள். மூக்கில் வைத்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். இருபது வருஷம் ஏமாற்றாதவன் முகத்தில் எதைக் கண்டுபிடிப்பது? அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நன்னாரி" என்றாள். மார்க்கர் எழுதியது.

அவள் குடியிருந்த வளவில் அடுத்த வீட்டுக்காரி முத்துச்செல்வி. இருபத்துநாலு வயது. தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். புருஷன் அருண்பாண்டியன் லாரி ஓட்டுகிறவன். ஒன்றரை வயதில் ஒரு பெண்பிள்ளை. புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டால் வளவே வாசலுக்கு வந்துவிடும். அந்த மூட்டை வந்ததற்கு முந்தின வாரம்கூட அவன் அவளை வாசலில் வைத்துக் கன்னத்தில் அறைந்ததை எல்லோரும் பார்த்தார்கள். மறுநாள் அவன் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போய்விட்டான்.

அந்தக் கோடை வெயிலில் முத்துச்செல்விக்கு நீர்க்கடுப்பு. சாயங்காலம் சுவரோரம் வந்து நின்றாள்.

"பெரியம்மா, ஒண்ணுக்குப் போனா உயிர் போகுது. நன்னாரி இருந்தாக் கொஞ்சம் தாங்களேன்."

நல்ல மூட்டை வந்தால் ராதாமணி வீட்டுக்கென்று ஒரு பிடி எடுத்து வருவது வழக்கம். முதலாளிக்கும் தெரியும். அந்த மூட்டையிலிருந்தும் எடுத்து வந்திருந்தாள். காகிதத்தில் மடித்துக் கொடுத்து, "தட்டிப்போட்டு நல்லாக் காய்ச்சி ராத்திரி பாதி, காலையில பாதி குடி" என்றாள். தன் சொந்த மகளுக்கும் அப்படித்தான் கொடுத்திருப்பாள். அதில் சந்தேகம் வேண்டாம்.

காலையில் முத்துச்செல்வி மறுபடி சுவரோரம் வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"ராத்திரி ஒரே குமட்டல் பெரியம்மா. கசாயமும் ஒரே கசப்பாக் கசக்குது. நன்னாரி இனிக்கும்லா?"

ராதாமணிக்கு அந்த வார்த்தை எங்கோ தைத்தது. நன்னாரி கசக்காது என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். உடனே போய்ப் பாத்திரத்தைப் பார்த்திருக்கலாம், நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்திருக்கலாம். ஆனால் ஒன்றைச் சரிதானா என்று பார்க்கப் போனால் இரண்டு வருஷமாகச் சொன்ன எல்லாவற்றையும் பார்க்கவேண்டி வரும். அவள் மனம் அந்தப் பக்கம் போக மறுத்தது.

"காட்டு வேருல்லா ஏட்டி. மழையில்லாத வருசம் அப்படித்தான் கசக்கும். கண்ண மூடிக்கிட்டு மீதியையும் குடிச்சிரு, கேக்கும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் புறப்பட்டாள்.

மத்தியானம் குடோனுக்கு ஆள் வந்து சொன்னது. முத்துச்செல்வி வாந்தியெடுத்து மயங்கி விழுந்து, வளவுக்காரர்கள் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போயிருந்தார்கள். ராதாமணி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. நாடி ரொம்பக் குறைந்துபோயிருந்ததைப் பார்த்து டாக்டர், "அரளி எதுவும் குடிச்சாங்களா?" என்று கேட்டிருக்கிறார். மயக்கத்திலேயே முத்துச்செல்வி "கசாயம்" என்று மட்டும் சொன்னாளாம். அது போதுமானதாக இருந்தது. இந்தப் பக்கத்தில் அரளி என்று ஒரு சொல் காதில் விழுந்தால் அடுத்து யாரும் எதுவும் கேட்பதில்லை. எத்தனையோ வீட்டில் எத்தனையோ பெண்கள் அரைத்துக் குடித்துச் செத்த வழி அது. புருஷன் அடித்தான், இவள் அரளியைக் காய்ச்சிக் குடித்துவிட்டாள். கேட்டவர் எல்லோருக்கும் கதை பொருத்தமாக இருந்தது. சொல்லப்போனால் ராதாமணிக்கும் ஒரு ராத்திரிவரை அது பொருத்தமாகத்தான் இருந்தது. அப்படி இருக்கவேண்டும் என்று அவள் சாமியைக் கும்பிட்டாள். ஒரு பெண் தானாகச் செத்திருக்கவேண்டும் என்று இன்னொரு பெண் வேண்டிக்கொண்ட பாவத்தை என்னவென்று சொல்வது.

மறுநாள் யாரும் வருவதற்கு முன்னால் குடோனைத் திறக்கச் சொல்லி, அந்த மூட்டையை அவிழ்த்துத் தரையில் கொட்டினாள். ஒரு துண்டைக் கடித்து நாக்கில் வைத்தாள். ஒன்றுமில்லை. இன்னொன்று. மூன்றாவது துண்டு கசந்தது. மூக்குதான் செத்திருந்தது, நாக்கு கசப்பை மறந்திருக்கவில்லை. துப்பிவிட்டு இன்னொரு துண்டைக் கடித்தாள். அதுவும் கசந்தது. வாயைக் கொப்பளித்துக்கொண்டு வந்து, வேரைச் சாக்கில் அள்ளிப்போட்டுக் கட்டி, மூலையில் தள்ளி வைத்தாள். ஹரிஹரசுதன் வந்து கேட்டதற்கு, "பூஞ்சை பிடிச்சிருக்கு, வெளிய விடவேண்டாம்" என்றாள். அவன் மறுபேச்சுப் பேசவில்லை. அவள் சொன்னால் அப்படித்தான்.

அடுத்த வாரம் சண்முகராஜ் வந்தபோது அவனைத் தனியே கூட்டிப்போனாள்.

"அன்னைக்கு என்னலே கலந்தே?"

 அவன் தரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான். "ரோட்டுல கிடந்த அரளி வேரு. நீங்க பொறுக்கி வெளிய போட்டுருவீயன்னுதான் பயந்துக்கிட்டே நின்னேன் யக்கா. நீங்க ஒடிச்சு மோந்துட்டு நன்னாரின்னு சொல்லிட்டீய. அப்ப இந்தக் கொஞ்சத்துக்கு ஒண்ணும் செய்யாது போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

 அவள் அவனைத் திட்டாமல் போகச் சொல்லிவிட்டாள்.

அருண்பாண்டியன் லோடு இறக்கிவிட்டு ஓடிவந்தான். பெண்டாட்டியைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோன கையோடு போலீஸ் அவனைக் கூட்டிப்போனது. சாகத் தூண்டினான் என்று வழக்கு. அடித்ததை அவனே ஒப்புக்கொண்டான். "அடிச்சேன் சார், ஆனா அவ அரளி குடிக்கிறவ இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். எல்லாப் புருஷனும் இப்படித்தான் சொல்லுவான் என்று எழுதிக்கொண்டார்கள். அவனை ஜெயிலில் போட்டார்கள். பிள்ளையை விளாத்திகுளம் பக்கத்திலிருந்து முத்துச்செல்வியின் தாய் சந்தனமாரி வந்து தூக்கிப்போனாள்.

தூக்கிப்போகிற அன்றைக்கு அவள் வளவு நடுவில் நின்று அழவில்லை. மகள் மேல் கோபத்தில் இருந்தாள். "பால்குடி மறக்காத பிள்ளைய விட்டுட்டுப் போக எப்படி அவளுக்கு மனசு வந்துச்சு? என்கிட்ட ஒரு போன் பண்ணியிருந்தா வந்து கூட்டிட்டுப் போயிருப்பேன்லா. பெத்தவளை நெனக்கல, பெத்த பிள்ளையை நெனக்கல. அவ எம்மகளே இல்ல" என்றாள். கேட்டுக்கொண்டு தன் வீட்டு வாசலில் நின்றாள் ராதாமணி. அன்றைக்கும் அவள் சொல்லவில்லை.

ஒரு மாதம் போனது. பலகையில் உட்கார்ந்தாள். மூட்டைகள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டைக் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் பேர் சொன்னாள். ஏற்கெனவே போன மூட்டைகளை என்ன செய்வது? இரண்டு வருஷத்தில் எத்தனை மூட்டைக்குப் பேர் சொல்லியிருப்பாள்? எந்த ஊரில் எந்த அடுப்பில் எது கொதித்ததோ, எந்த வீட்டில் யார் படுத்தார்களோ. சோற்றில் கை வைத்தால் இந்த நினைப்பு வந்தது. ஆள் பாதியாகிப்போனாள். ஜெயிலில் இருக்கிறவனை நினைத்தால் அது வேறு. கன்னத்தில் விட்ட ஒரு அறைக்கு ஒருவன் எத்தனை வருஷம் உள்ளே இருக்கலாம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள். அடித்தவன்தானே, கிடக்கட்டும் என்று ஒருநாள் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்னையே வெறுத்தாள்.

கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் இப்படி இறந்தால் ஆர்.டி.ஓ. விசாரணை உண்டு. அக்கம்பக்கத்தார் என்று ராதாமணிக்கும் தாக்கீது வந்தது. ஆர்.டி.ஓ. ஒரு பெண். நிதானமாகக் கேட்டார்.

"ரெண்டு பேருக்கும் அடிக்கடி சண்டை வருமா?"

"வரும்."

"கடைசியா எப்ப அடிச்சார்?"

"அவ சாகுறதுக்கு முந்தின வாரம்."

எழுத்தர் எழுதினார். அத்தோடு கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து வந்திருக்கலாம். கேட்ட கேள்விக்கெல்லாம் உண்மையைத்தான் சொல்லியிருந்தாள். ஒரு பொய்கூட இல்லை. ராதாமணி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"அம்மா, அந்த வேரு நான் குடுத்தது" என்றாள்.

எழுத்தரின் பேனா நின்றது. குடோனைப் பற்றி, மூட்டையைப் பற்றி, சண்முகராஜைப் பற்றி, மூக்கைப் பற்றி, எல்லாவற்றையும் சொன்னாள். மூட்டை மூலையில் அப்படியே இருக்கிறது, எடுத்துச் சோதித்துக்கொள்ளுங்கள் என்றாள். ஆர்.டி.ஓ. நம்பவும் முடியாமல் தள்ளவும் முடியாமல் அவளையே பார்த்தார். பிறகு அங்கே இருந்த டைப்பிஸ்ட் பெண்ணிடம் ஏதோ சொன்னார். ராதாமணியைக் கண்ணை மூடச் சொன்னார்கள். அந்தப் பெண் தன் தலையிலிருந்த மல்லிகைச் சரத்தை எடுத்து அவள் மூக்கருகே பிடித்தாள்.

"இப்ப உங்க மூக்குக்கிட்ட என்ன இருக்கு?"

"தெரியல."

"எதுவும் இருக்கா, இல்லையா?"

"அதுவும் தெரியலம்மா."

 எழுதியதை வாசித்துக் காட்டினார்கள். கையெழுத்துப் போட்டாள். குடோனுக்கும் போலீசுக்கும் தகவல் போகும், அதுவரை வெளியே இருக்கச் சொன்னார்கள்.

வெளி வராந்தாவில் பெஞ்சில் சந்தனமாரி இருந்தாள், பிள்ளை மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அவளுடைய வாக்குமூலம் முந்தியே முடிந்திருந்தது. உள்ளே பேச்சு நீண்டதும் கதவு வழியாகப் பாதி கேட்டிருந்தாள். ராதாமணி வந்ததும் எழுந்திருக்காமலே கேட்டாள்.

"நீங்களா குடுத்தீய?"

"ஆமா தாயி. நன்னாரின்னு நெனச்சுக் குடுத்தேன். எனக்கு வாசனை தெரியாது. அத யார்ட்டயும் சொல்லாம இருந்தேன்."

"அப்ப எம்பிள்ள சாகணும்னு குடிக்கலயா?"

"இல்ல. கடுப்பு நிக்கணும்னுதான் குடிச்சா."

அந்த ஒரு மாதமாக அழாத சந்தனமாரி அப்போது அழுதாள். பிள்ளை விழித்துவிடாமல் வாயை முந்தானையால் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். ராதாமணி பக்கத்தில் உட்காரத் துணிவில்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னை அடி என்று சொல்ல நினைத்தாள். அதைச் சொல்லவும் தனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று நின்றுவிட்டாள்.

வெகுநேரம் கழித்து சந்தனமாரி முகத்தைத் துடைத்தாள். ஏதோ யோசித்தவள் மாதிரி நிமிர்ந்து பார்த்தாள்.

"அரளின்னா கசக்கும்னு சொல்லுதாங்களே. எம்பிள்ளைக்குப் பாவக்காயே தொண்டையில இறங்காது. அத எப்படி முழுசையும் குடிச்சா?"

உள்ளே எல்லாவற்றையும் சொன்ன ராதாமணி இதை மட்டும் சொல்லவில்லை. கேட்கவில்லை, சொல்லவில்லை என்று விட்டுவிட்டிருந்தாள். இப்போது கேட்டாகிவிட்டது.

"காலையில எங்கிட்ட வந்தா. கசக்குது, குமட்டுதுன்னு சொன்னா. காட்டு வேரு அப்படித்தான் இருக்கும், மீதியையும் குடின்னு நாந்தான் சொன்னேன்."

சந்தனமாரி பிள்ளையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு எழுந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"இதையும் எழுதிட்டாங்களா?"

"இல்ல."

"அப்ப உள்ள போயி எழுதச் சொல்லுங்க. எம்பிள்ள கசக்குதுன்னு வந்து சொன்னாள்னு எழுதணும்."

ராதாமணி கதவைத் தள்ளிக்கொண்டு மறுபடி உள்ளே போனாள்.